பாத்தியதையா, அனுபோகமா? பாஸ்டனில் பிறந்த இரண்டு குலச்சின்னப் பதிவேடுகள்

1927இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ‘போல்ட்டன்ஸ் அமெரிக்கன் ஆர்மரி’ என்றொரு பதிவேடு அச்சாகி வந்தது. தொகுத்தவர் சார்லஸ் நோல்ஸ் போல்ட்டன், பாஸ்டன் அத்தினியம் என்ற பழைய தனியார் நூலகத்தின் நூலகர். அமெரிக்க எல்லைக்குள் புழக்கத்தில் இருந்த குடும்பச் சின்னங்களை ஒரே இடத்தில் தொகுப்பது அவர் நோக்கம். மறு ஆண்டே அதே ஊரில், நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) வரலாற்று வம்சாவளிச் சங்கத்தின் சின்னக் குழு தன் பதிவேட்டின் முதல் பகுதியை வெளியிட்டது. அதன் பெயர் ‘எ ரோல் ஆஃப் ஆர்ம்ஸ்’.

ஒரே ஊர், ஒரே பொருள், ஒரு வருட இடைவெளி. அப்படியிருந்தும் ஒன்றில் உள்ள பல குடும்பங்களை மற்றதில் தேடினால் கிடைக்காது. காரணம், இரண்டு பேரும் கேட்ட கேள்வி வேறு. இந்தச் சின்னத்தை யார் பயன்படுத்தினார்கள் என்று போல்ட்டன் கேட்டார். பயன்படுத்த யாருக்கு உரிமை இருந்தது என்று குழு கேட்டது. நிலத் தகராறில் அடிபட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முப்பது வருஷமாக ஒருவர் உழுதுகொண்டிருப்பார், மூலப்பத்திரம் இன்னொருவர் பெட்டியில் இருக்கும். அனுபோகம் ஒரு கேள்வி, பாத்தியதை இன்னொரு கேள்வி. அமெரிக்கக் குலச்சின்னப் பதிவேடுகளைப் பற்றிய குழப்பத்தில் முக்கால்வாசி, இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தது.

அரசாங்கமே தலையிடாத ஒரு விஷயத்தில் ஒரு தனியார் சங்கத்தின் பதிவேடு எப்படி நம்பகம் பெற்றது, அந்த நம்பகம் எதுவரை செல்லும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஹெரால்டு வராத நாடு

முதலில் இங்கிலாந்து வழக்கம். கேடய வடிவுக்குள் சிங்கம், சிலுவை, பட்டை, நட்சத்திரம் என்று வரையப்படும் சின்னம் அங்கே குடும்பப் பெயருக்குச் சொந்தமானதல்ல, ஓர் ஆளுக்குச் சொந்தமானது. அவருக்குப் பிறகு ஆண்வழி வாரிசுகளுக்கு இறங்கும். ஸ்மித் என்ற பெயரில் எத்தனையோ சின்னங்கள் உண்டு. ஆனால் ஊரில் உள்ள ஸ்மித்துகளில் மிகப் பெரும்பாலோருக்கு எந்தச் சின்னமும் கிடையாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள லண்டனில் சின்னக் கல்லூரி இருக்கிறது. 1484இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் அதற்குப் பட்டயம் கொடுத்தார். ஹெரால்டு எனப்படும் அதன் அதிகாரிகள் 1530 முதல் 1688 வரை மாவட்டம் மாவட்டமாகப் போய் யார் யார் சின்னம் வைத்திருக்கிறார்கள், எந்த ஆதாரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக் குறிப்பெடுத்தார்கள். ஆதாரம் காட்டாதவர்களின் உரிமையை மறுத்தார்கள். அந்தக் குறிப்பேடுகள்தான் இன்றைக்கும் அடிப்படைச் சான்று.

அந்த விசாரணை அட்லாண்டிக் கடலைத் தாண்டவில்லை. 1705இல் யார்க் ஹெரால்டாக இருந்த லாரன்ஸ் கிராம்ப் என்பவரை ‘கரோலினா ஹெரால்டு’ என்று நியமித்தார்கள். அது காகிதத்தோடு நின்றது. குடியேறிகளில் உரிமை உள்ளவர் இருந்தார், இல்லாதவரும் இருந்தார். இருவரும் மோதிரத்தில் முத்திரை வெட்டிக்கொண்டார்கள், கல்லறையில் செதுக்கிக்கொண்டார்கள். கேட்க ஆள் இல்லை.

சுதந்திரம் வந்தபின் நிலைமை இன்னும் தளர்ந்தது. பிரபுப் பட்டங்களை அரசு வழங்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் முதல் ஷரத்து, ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. குலச்சின்னத்தைப் பற்றி அது பேசவே இல்லை. தடையும் இல்லை, அனுமதிக்கும் அலுவலகமும் இல்லை. 1788இல் வில்லியம் பார்ட்டன் என்பவர் குலச்சின்னங்களை ஆதரித்து எழுதிய நூல் பற்றி ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் போட்டார். சின்னம் வைத்திருப்பது குடியரசு உணர்வுக்கு விரோதமானது என்று தான் நினைக்கவில்லை என்று வாஷிங்டன் பதில் எழுதினார். அதற்குப் பதினேழு வருஷம் முன்பே, 1771இல், தாமஸ் ஜெபர்சன் லண்டனுக்குப் போகும் நண்பரிடம் ஒரு வேலை ஒப்படைத்திருந்தார். தன் குடும்பச் சின்னம் என்று சொல்லப்படும் ஒன்று தன்னிடம் இருக்கிறது, எந்த ஆதாரத்தில் என்று தெரியாது, சின்ன அலுவலகத்தில் தேடிப் பார்க்க வேண்டும்; ஒன்றும் இல்லையென்றால் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினார். பாதி கிண்டல், பாதி நிஜம். உரிமை உண்டா என்று சந்தேகம் வந்த பிறகும் சின்னத்தின் மேல் இருந்த ஆசை விடவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

சாவு வீடும் சித்திரக்காரரும்

பதிவேடுகளுக்கு மூலம் எங்கிருந்து வந்தது? பாஸ்டனைப் பொறுத்தவரை பெரும்பகுதி சாவு வீட்டிலிருந்து.

பதினெட்டாம் நூற்றாண்டு பாஸ்டனில் வசதியான வீட்டில் ஒருவர் இறந்தால், கறுப்புப் பின்னணியில் அவர் சின்னம் வரைந்த பலகை ஒன்று தயாராகும். சவ ஊர்வலத்துக்கும் சின்னம் எழுதிய துணிகள் வேண்டும். இதற்கென்றே சித்திரக்காரர்கள் இருந்தார்கள். வண்டிக்கு வண்ணம் பூசுவது, கடைப் பலகை எழுதுவது, சின்னம் வரைவது எல்லாம் ஒரே பட்டறை வேலை. அப்படி ஒரு பட்டறையில் பயன்பட்ட கையேடுதான் ‘கோர் ரோல்’. 1701 முதல் 1724 வரையிலான ஆண்டுகளைச் சேர்ந்த 99 சின்னங்கள் அதில் வண்ணத்தில் வரையப்பட்டுள்ளன. பக்கத்தில் பெயர், ஊர், ஆண்டு. பல இடங்களில் அந்த ஆண்டு, சம்பந்தப்பட்டவர் இறந்த ஆண்டாக இருக்கிறது. வாடிக்கையாளருக்குச் செய்துகொடுத்த வேலையைச் சித்திரக்காரர் குறித்துவைத்த கணக்கு அது. பிற்காலத்தில் அது ஜான் கோர் என்ற பாஸ்டன் வண்ண வியாபாரியின் குடும்பத்தில் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் பிறந்தது 1718இல் என்பதால் அவர் வரைந்திருக்க வழியில்லை. அவர் மகன் கிறிஸ்டோபர் கோர் பின்னால் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஆனார்.

அமெரிக்க மண்ணில் உருவான சின்னத் தொகுப்புகளில் இதுவே மூத்தது என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கிட்டத்தட்ட வேதம் மாதிரி மதித்தார்கள். மதிப்பு நியாயம்தான், ஆனால் எதற்குச் சான்று என்பதில் தடுமாறினார்கள். 1718இல் இறந்த ஒருவருக்கு இந்தச் சின்னம் வரையப்பட்டது என்பதற்கு கோர் ரோல் உறுதியான சான்று. அவர் தாத்தாவுக்கு இங்கிலாந்தில் இது வழங்கப்பட்டது என்பதற்கு அது சான்றே ஆகாது. 1930களில் மருத்துவர் ஹரோல்டு பவுடிச் இந்தத் தொகுப்பைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்து வெளியிட்டபோது, சித்திரக்காரர் எதைப் பார்த்து வரைந்தார் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. சின்னத்தின் வயதைவிட அந்தக் கேள்விக்குத்தான் எடை அதிகம்.

பார்த்து வரைய அவர்களுக்குப் புத்தகம் இருந்தது. ஜான் கில்லிம் என்பவர் 1610இல் லண்டனில் வெளியிட்ட சின்ன நூல் பலமுறை மறுபதிப்பு கண்டது. 1724 பதிப்பு குடியேற்ற நகரங்களில் நன்றாகப் புழங்கியது. வாடிக்கையாளர் பெயரைச் சொல்வார். சித்திரக்காரர் புத்தகத்தைப் புரட்டி அதே பெயரில் உள்ள ஏதோ ஒரு சின்னத்தை எடுத்து வரைந்து கொடுப்பார். சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்டனில் ஜான் கோல்ஸ் இதை முழுநேரத் தொழிலாகவே நடத்தினார். அவர் கையால் வந்த படங்கள் நியூ இங்கிலாந்து வீடுகளில் ஏராளம். கண்ணாடிச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்ட அவை, இரண்டு தலைமுறை கழிந்ததும் ‘பரம்பரையாக வந்தது’ ஆகிவிட்டன. பேரன் காலத்தில் யாரும் ரசீது கேட்பதில்லை.

ஆண்கள் மட்டும் என்றில்லை. பாஸ்டன் பள்ளிகளில் படித்த வசதியான வீட்டுப் பெண்கள் குடும்பச் சின்னத்தைப் பட்டு நூலிலும் உலோக இழையிலும் எம்பிராய்டரி செய்தார்கள். கறுப்புத் துணி, சாய்சதுரமாக நிற்கும் சட்டம். சாவு வீட்டுப் பலகையின் வடிவம் அப்படியே தையல் வகுப்புக்குள் வந்துவிட்டது. இன்று அருங்காட்சியகங்களில் அவை அழகான கைவேலையாகத் தொங்குகின்றன. அவற்றில் பலவற்றின் கோட்டுப் படத்தைப் போட்டுக் கொடுத்தது தொழில்முறைச் சித்திரக்காரர்தான் என்பதை மறந்துவிட்டு யாராவது அதை வம்சாவளிச் சான்றாக நீட்டினால், மறுபடி கில்லிம் புத்தகத்திடமே போய் நிற்போம்.

கல்லில் செதுக்கியது பொய் சொல்லாது என்று நினைப்பவர்கள் பாஸ்டனின் காப்ஸ் ஹில் இடுகாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே ஹட்சின்சன் குடும்பத்தின் கல்லறைப் பலகையில் நேர்த்தியாகச் செதுக்கிய சின்னம் இருக்கிறது. ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் மன்னரின் பக்கம் நின்றவர், 1774இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். அதற்குப் பிறகு யாரோ அந்தக் கல்லறையைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஹட்சின்சன் பெயரை வெட்டியெடுத்துவிட்டு ‘தாமஸ் லூயிஸ்’ என்று பொறித்தார்கள். சின்னத்தைத் தொடவில்லை. விவரம் தெரியாமல் போகிற ஒருவர் குறிப்பெடுத்தால் அது லூயிஸ் குடும்பச் சின்னம் என்றே எழுதிக்கொண்டு வருவார். பெயரும் சின்னமும் ஒரே கல்லில்; அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

விட்மோரின் கோபம்

நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் 1845இல் தொடங்கியது. 1864இல் அது சின்னங்களுக்கென்று தனிக் குழு அமைத்தது. அரசு சாராத இந்த வகை அமைப்புகளில் உலகிலேயே மூத்தது இதுதான் என்பார்கள். மறு ஆண்டு முதல் 1868 வரை ‘ஹெரால்டிக் ஜர்னல்’ என்ற இதழ் நான்கு தொகுதிகளாக வந்தது. அதன் பின்னணியில் முக்கிய ஆள் வில்லியம் ஹென்றி விட்மோர். இடுகாடுகளில் உள்ள சின்னங்கள், பழைய உயில்களில் ஒட்டிய அரக்கு முத்திரைகள், வெள்ளிப் பாத்திரங்கள், கோர் ரோலின் விவரம் என்று தேடித் தேடி அச்சில் ஏற்றினார்கள். கூடவே கோல்ஸ் வகையறாப் படங்களை நம்பாதீர்கள் என்று வாசகர்களை எச்சரித்தார்கள். ஒரு பக்கம் சேகரிப்பு, மறுபக்கம் கழிப்பு. இந்த இரண்டு வேலையும் ஒரே இதழில் நடந்தன. பின்னாளில் போல்ட்டன் முதல் வேலையை எடுத்துக்கொண்டார், குழு இரண்டாவதை எடுத்துக்கொண்டது என்று சொன்னால் பெரிய தவறில்லை.

1891இல் வில்லியம் எஸ். ஆப்பிள்டன், வம்சாவளியும் நிரூபணமாகி, சின்னத்துக்கும் முறையான ஆதாரம் உள்ள நியூ இங்கிலாந்துக் குடும்பங்களை மட்டும் எடுத்து ஒரு சின்னப் பட்டியல் வெளியிட்டார். பாஸ்டன் சுவர்களில் தொங்கிய படங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அந்தப் பட்டியல் கைக்குட்டை அளவுதான். பலருக்கு மனம் வருத்தப்பட்டிருக்கும். 1928 பதிவேட்டின் விதை அதில் இருக்கிறது.

ஒரு வம்சாவளி, 97 வருடம்

குழு ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தது என்பதற்கு வாஷிங்டன் குடும்ப வழக்கே போதும். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1791 டிசம்பரில் சர் ஐசக் ஹெர்டு லண்டனிலிருந்து ஜனாதிபதி வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். ஹெர்டு சாதாரண ஆள் இல்லை; ‘கார்ட்டர்’ பதவி வகித்த, இங்கிலாந்தின் தலைமைச் சின்ன அதிகாரி. அமெரிக்க விவகாரங்களில் அவருக்குச் சொந்த ஈடுபாடும் உண்டு: மனைவி பாஸ்டனில் வாழ்ந்த ஒரு விதவை. அந்த அம்மாளின் முதல் கணவருக்குப் பிறந்த மகன்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி டேவிட் ஆக்டர்லோனி. கல்கத்தாவின் ஷஹீத் மினார் முதலில் அவர் நினைவுக் கோபுரம்தான்.

வாஷிங்டன் 1792 மே 2ஆம் தேதி பதில் எழுதினார். இளவயது முதலே வேலை மிகுந்த வாழ்க்கை, இந்த விஷயத்தில் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்றார். முன்னோர் இங்கிலாந்தின் வடபகுதி மாவட்டம் ஒன்றிலிருந்து வந்ததாகக் கேள்வி, லங்காஷயரா யார்க்ஷயரா என்பது நினைவில்லை என்றார். ஹெர்டு அனுப்பிய சின்னத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் குடும்பம் இங்கே பயன்படுத்துவது இதுவேதான் என்று உறுதி செய்தார். வெள்ளிப் பரப்பில் குறுக்காக இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். இன்று தலைநகர் வாஷிங்டனின் கொடியில் இருப்பது அதே சின்னம்தான். 1938இல் அது கொடி ஆனது.

வர்ஜீனியாவில் குடியேறிய ஜான், லாரன்ஸ் என்ற சகோதரர்கள் வரை வாஷிங்டனுக்குத் தெரியும். அதற்கு மேலே இங்கிலாந்துப் பக்கம் ஹெர்டு வேலை செய்தார். நார்த்தாம்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற ஊரில் ஒரு வாஷிங்டன் குடும்பம் இருந்தது. 1539இல் லாரன்ஸ் வாஷிங்டன் என்ற கம்பளி வியாபாரி, நார்த்தாம்டன் நகர மேயராக இருந்தவர், அந்தப் பண்ணையை வாங்கியிருந்தார். அவர் வழியில் 1616இல் இறந்த இன்னொரு லாரன்ஸுக்கு ஜான், லாரன்ஸ் என்று இரண்டு மகன்கள். பெயர் பொருந்துகிறது, சின்னம் பொருந்துகிறது. ஹெர்டு கோடு போட்டு இணைத்தார். தலைமை அதிகாரியே போட்ட கோடு என்பதால் எழுபது வருடத்துக்கு மேல் அது நின்றது.

1866 வாக்கில் லண்டனில் வசித்த அமெரிக்கர் ஜோசப் லெமுவேல் செஸ்டர் அதை உடைத்தார். பாஸ்டனின் ஹெரால்டிக் ஜர்னலும் அவர் ஆய்வை வெளியிட்டது. ஹெர்டு சொன்ன ஜான் 1623இலேயே நைட் பட்டம் வாங்கிய சர் ஜான், திராப்ஸ்டன் ஊர்க்காரர். வர்ஜீனியா ஆவணங்களில் ஜானை யாரும் ‘சர்’ என்று குறிப்பிடவில்லை. மனைவியர் விவரமும் ஒத்துவரவில்லை. ஹெர்டு சொன்ன லாரன்ஸோ ஒரு பாதிரியார். வர்ஜீனியாவுக்குப் போன லாரன்ஸ் அவர் அல்ல. ஆக, வம்சாவளி அறுந்து தொங்கியது. சின்னம் மட்டும் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் மாளிகையில் அப்படியே இருந்தது.

அறுந்த இழையை முடிந்தவர் ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ். பாஸ்டன் சங்கம் 1883 முதல் இங்கிலாந்து ஆவணங்களைத் தேட லண்டனில் அமர்த்திய ஆராய்ச்சியாளர். பிரபுக்களின் வம்சாவளிப் படங்களை அவர் துரத்தவில்லை. உயில்களையும் சொத்து நிர்வாக ஆணைகளையும் மூட்டை மூட்டையாகப் படித்தார். அப்படிப் படிக்கையில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் டிரிங் என்ற சிற்றூரில் ஒரு தடயம் சிக்கியது. ஆம்ஃபில்லிஸ் வாஷிங்டன் என்ற விதவை உயில் எழுதாமல் இறந்திருந்தார். அவர் சொத்தை நிர்வகிக்கும் உரிமையை மூத்த மகன் ஜான் வாஷிங்டனுக்குக் கொடுத்து ஆணை பிறந்திருந்தது. ஜான் வர்ஜீனியாவுக்குப் போன காலத்தை ஒட்டிய ஆணை அது. அந்த அம்மாளின் மாற்றாந்தந்தை ஆண்ட்ரூ நோலிங்கின் உயிலில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஆம்ஃபில்லிஸின் கணவர் யார் என்று போனால், செஸ்டர் ஒதுக்கி வைத்த அதே லாரன்ஸ் பாதிரியார்!

பாதிரியார் ஆக்ஸ்ஃபோர்டு பிரேஸ்நோஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, எசெக்ஸ் மாவட்டத்தின் பர்லீ தேவாலயத்துக்கு வந்தவர். 1643இல் உள்நாட்டுப் போரின்போது, சாராயக் கடையே கதி என்று கிடக்கிறார் என்று குற்றம் சாட்டி நாடாளுமன்றத் தரப்பு அவரைப் பதவியிலிருந்து துரத்தியது. அவர் மன்னர் பக்கம் நின்றதுதான் உண்மைக் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். வருமானம் போயிற்று, குடும்பம் சிதறியது. மகன் ஜான் கப்பல் வேலைக்குப் போனார். ‘சீ ஹார்ஸ்’ என்ற வணிகக் கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது, ஜான் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய கொள்ளுப் பேரன்தான் ஜார்ஜ்.

வாட்டர்ஸ் தன் முடிவைச் சங்கத்தின் இதழில் 1889இல் வெளியிட்டார். ஹெர்டு ஒரு தலைமுறை தவறியிருந்தார். அவர் குடியேறி என்று நினைத்த லாரன்ஸ், உண்மையில் குடியேறிகளின் தந்தை. குடும்பம் சரி, சின்னம் சரி, கோடு தப்பு. கார்ட்டர் பதவியில் இருந்தவரின் கையெழுத்து, நாட்டின் முதல் ஜனாதிபதியின் ஒப்புதல், பொருந்தும் பெயர்கள், பொருந்தும் சின்னம் எல்லாம் சேர்ந்திருந்தும் கோடு தப்பாகவே இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு கிராமத்து விதவையின் சொத்து ஆணைதான் தேவைப்பட்டது. இதைச் சொந்த இதழிலேயே அச்சிட்ட சங்கம், அதற்குப் பிறகு ‘எங்கள் வீட்டில் பரம்பரையாக இருக்கிறது’ என்று வருபவரிடம் ஆவணம் கேட்டதில் வியப்பு இல்லை.

விற்பனைக்கு முன்னோர்

ஆனால் சந்தை காத்திருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புதுப்பணக்காரர்கள் பெருகினார்கள். பிலடெல்பியா நகைக்கடை ஒன்றே 1895இல் யூஜின் சீபர் எழுதிய சின்ன நூலை வெளியிட்டது என்றால் பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தாளிலும் கரண்டியிலும் சின்னம் பொறிக்க ஆள் வேண்டுமே. 1904இல் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் குரோசியர் நியூயார்க்கில் ஒரு பதிவேடு போட்டார். சின்னத்துக்கு உரிமையுள்ள அமெரிக்கக் குடும்பங்களின் பதிவு என்பது அதன் தலைப்பிலேயே இருக்கும் அறிவிப்பு. முதலில் குடியேறியவர் பெயர், ஊர், ஆண்டு, சின்னத்தின் வர்ணனை என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில வரிகள். உரிமை எப்படி நிரூபணமானது என்ற வரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பாத்தியதை என்று தலைப்பு, உள்ளே அனுபோகத்துக்குக்கூடச் சாட்சி இல்லை. என் கணக்கில் இந்த வகைப் பதிவேடுகளில் அதிகம் ஏமாற்றக்கூடியது இதுதான். பொய் சொல்வதால் அல்ல. உண்மையும் ஊகமும் ஒரே எழுத்தில், ஒரே நீளத்தில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால்.

அப்பட்டமான பொய்யும் இருந்தது. சுவீடனில் போலி ஆவணத்துக்காகச் சிறை சென்று வந்த குஸ்தாவ் அஞ்ஜூ, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்துகொண்டு பணக்காரக் குடும்பங்களுக்கு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் டாலர். நடுவில் உண்மையான ஆவணங்களை வைத்து, இணைக்க வேண்டிய இடத்தில் மட்டும் இட்டுக்கட்டிய உயிலைச் செருகுவார். 1942இல் அவர் இறந்தும் அந்த வம்சாவளிகள் சாகவில்லை.

இரண்டையும் சோதித்துப் பார்த்தால்

இப்போது 1927க்கும் 1928க்கும் வருவோம். ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: ஹார்வர்டு பல்கலைக்கழகத்திடம் இருக்கும் ஸ்டவுட்டன் கோப்பை. பாஸ்டன் வெள்ளி ஆசாரி ஜான் கோனி 1701இல் செய்தது. மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளின் தலைமை நீதிபதியாக இருந்த வில்லியம் ஸ்டவுட்டன் கல்லூரிக்குக் கொடுத்தது. அதன் மேல் அவர் சின்னம் பொறிக்கப்பட்டுள்ளது. போல்ட்டன் வழியில் பார்த்தால் இது தங்கம்: ஆள் யார், பொருள் எது, ஆண்டு எது என்று மூன்றும் தெரியும். 1701இல் ஸ்டவுட்டன் இதைத் தன்னுடையது என்று பொதுவில் காட்டினார் என்பது உறுதி. குழுவின் மேசைக்கு அதே கோப்பை போனால், நல்லது, தகப்பன் வழியில் இங்கிலாந்தில் யாருக்கு இது பதிவானது என்று அடுத்த கேள்வி வரும். கோப்பை அதற்குப் பதில் சொல்லாது.

இன்னும் கூர்மையான சோதனை, பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் ஜனாதிபதி ஆன ஜான் ஆடம்ஸ். 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில், அமெரிக்காவின் சுதந்திரத்தை பிரிட்டன் ஏற்ற அந்த ஆவணத்தில், அவர் அரக்கில் அழுத்திய முத்திரை பாய்ல்ஸ்டன் குடும்பச் சின்னம். பாய்ல்ஸ்டன் என்பது அவருடைய அம்மா பிறந்த வீடு. ஆண்வழி விதிப்படி அது அவருக்கு இறங்காது. உலகமே பார்த்த ஓர் ஒப்பந்தத்தில் இருந்தாலும் குழுவின் அளவுகோலில் ஆடம்ஸ் குடும்பத்துக்கு அது உரிமை தராது. போல்ட்டனின் அளவுகோலில் இதைவிடச் சிறந்த அனுபோகச் சான்று கிடைப்பது அரிது. இரண்டு முடிவும் சரி. ஆடம்ஸ் எந்தச் சின்னத்தை வைத்திருந்தார் என்று கேட்பவருக்குக் குழுவின் பதிவேடு உதவாது. ஆடம்ஸ் வழிவந்தவர் இதைத் தன் சின்னம் என்று சொல்லலாமா என்று கேட்பவருக்குப் போல்ட்டன் உதவமாட்டார்.

குழுவின் பதிவேட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பதிவாவது விண்ணப்பித்தவரின் பெயர் அல்ல, முதலில் குடியேறிய முன்னோரின் பெயர். உரிமை அவருக்கு இருந்தது என்பதற்கு மட்டும் குழு பொறுப்பு. அவரிடமிருந்து இன்றைய பேரன் வரையிலான சங்கிலியைப் பேரனே நிரூபித்துக்கொள்ள வேண்டும். இதனால், குரோசியர் பாணிப் பதிவேடுகளில் இருந்த பெருமை வியாபாரத்துக்கு இடமே இல்லாமல் போனது. காசு கொடுத்துத் தன் பெயரை அச்சில் பார்க்க முடியாது. 1640இல் செத்துப்போன ஒருவரின் பெயரைத்தான் பார்க்கலாம். பவுடிச் இந்த வேலையில் பல ஆண்டுகள் முன்னின்று உழைத்தார். அடுத்தடுத்த பகுதிகள் 1930களிலும் பிறகும் வந்தன. நியூ இங்கிலாந்தைத் தாண்டி வர்ஜீனியா போன்ற இடங்களில் குடியேறியவர்களும் அதில் ஏறினார்கள்.

குறையும் உண்டு. இந்த அளவுகோல் இங்கிலாந்துக்காரருக்கு அளந்து தைத்த சட்டை. டச்சு நாட்டில் சாதாரண நகரவாசியே சின்னம் வைத்துக்கொள்ளலாம், யாரும் வழங்க வேண்டியதில்லை. நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரரிடம் போய் வழங்கிய பத்திரம் கேட்டால் அவர் என்ன செய்வார்? அவருக்கு அனுபோகமே பாத்தியதை. பெண் வழியும் அப்படித்தான். அப்பாவின் சின்னத்தைச் சாய்சதுரத்துக்குள் வைத்துக்கொள்ள மகளுக்கு அனுமதி உண்டு, அடுத்த தலைமுறைக்குக் கடத்த பெரும்பாலும் அனுமதி இல்லை. பாய்ல்ஸ்டன் முத்திரையை ஆடம்ஸ் எடுத்துக்கொண்டது சட்டத்தைத் தெரியாமலா, தெரிந்துமா என்று யோசித்தால், அம்மா வழியை மறக்க விரும்பாத மகன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த வழக்கத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் தனிப் பத்தி கிடையாது.

பழைய வெள்ளிக் குவளையிலோ புத்தக அட்டையின் உட்புறத்தில் ஒட்டிய உரிமைச்சீட்டிலோ ஒரு சின்னத்தைக் காண்பவர் முதலில் போல்ட்டனைப் புரட்டுவதே வழி. பெயர் தெரியாவிட்டாலும் அதே வர்ணனை உள்ள குடும்பம் அகப்படலாம். பிறகு சங்கத்தின் பதிவேடு. இரண்டிலும் இருந்தால் நல்ல அதிர்ஷ்டம். குரோசியரை கடைசியில், கையில் பென்சிலோடு. கோல்ஸ் பாணி வண்ணப்படம் என்றால், 1724 கில்லிம் பதிப்பில் அதே பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பல சமயம் விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

லண்டன் சின்னக் கல்லூரி இன்றும் அமெரிக்கர்களுக்குக் கௌரவச் சின்னம் வழங்குகிறது. மன்னரின் குடிமகனாக இருந்த ஒருவரின் வழிவந்தவர் என்று விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். 1783க்கு முன் குடியேற்றங்களில் வாழ்ந்தவர் என்றாலும் போதும். அதற்கும் உயில், ஞானஸ்நானப் பதிவு, சொத்து ஆணை என்று தலைமுறை தலைமுறையாகக் காகிதம் வைக்க வேண்டும்.